மனைவியின் முன்னாள் கணவர் மிரட்டுகிறார்: போலீஸுக்குப் போனால் குழந்தை வழக்கு கெடுமா?

வாசகர் கேள்வி:

என் மனைவிக்கு இது இரண்டாவது திருமணம். முதல் கணவரோடு பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. ஏழு வயது மகள் அம்மாவிடம் வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பார்க்கலாம் என்பது உத்தரவு. எங்கள் திருமணத்துக்குப் பிறகு, குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு அவர் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார். அதோடு எனக்கு மிரட்டலும் ஆரம்பித்துவிட்டது. ராத்திரியில் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வருகிறது: "நடுவுல வராதே, கை கால் இருக்காது." தெரியாத எண்களிலிருந்து போன் வருகிறது. நான் வேலை செய்யும் இடத்துக்கு வெளியே ஒருநாள் வந்து நின்றார். "ஸ்கூல்லேருந்து பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்", "உன் மேல போக்சோ போடுறேன்" என்கிறார். மனைவியின் பழைய படங்கள் தன்னிடம் இருப்பதாக ஜாடையாகச் சொல்கிறார். இரண்டு முறை நானும் கோபத்தில் பதில் அனுப்பிவிட்டேன். மனைவி "பிளாக் பண்ணுங்க" என்கிறாள். பெரியவர்கள் "உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கலாம்" என்கிறார்கள். போலீஸுக்குப் போனால் வழக்கு கெடுமா? நானே நேரில் போய்ப் பேசட்டுமா?

வழக்கறிஞர் பதில்:

நேரில் போகாதீர்கள். போனிலும் பேச வேண்டாம். போலீஸுக்குப் போவதால் வழக்கு கெடாது; போகிற விதத்தில் கெடலாம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கில் நீங்கள் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அவர் போட்டிருப்பது பெரும்பாலும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படியான மனுவாக இருக்கும். கோர்ட் வட்டாரத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். அதில் மனுதாரர் அவர், எதிர்மனுதாரர் உங்கள் மனைவி. உங்களுக்கு அதில் இடமே இல்லை. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, 'தந்தை' என்ற சொல்லில் மாற்றாந்தந்தை அடங்கமாட்டார் என்று தனி விளக்கமே போட்டு வைத்திருக்கிறது. வீட்டில் பாப்பாவுக்கு நீங்கள் அப்பாவாகவே இருக்கலாம். கோர்ட்டில் நீங்கள் குழந்தை வளரும் வீட்டில் இருக்கிற இன்னொரு பெரியவர்; தேவைப்பட்டால் ஒரு சாட்சி. அந்த இடத்தை விட்டு நகராமல் இருப்பதுதான் இப்போது உங்களுக்கு உள்ள முக்கிய வேலை.

ஏனென்றால், மறுமணம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து குழந்தையை எடுத்துக் கொடுக்க நீதிமன்றம் எளிதில் இணங்காது. குழந்தையின் நலன்தான் அளவுகோல். எனவே அந்தப் புது வீடு குழந்தைக்கு ஆகாத வீடு என்று அவர் காட்டியாக வேண்டும். அதற்கு உங்கள் கோபம் அவருக்குத் தேவை. நள்ளிரவில் நீங்கள் அனுப்பிய "வாடா பாத்துக்கலாம்" என்ற ஒரு வரி, அடுத்த வாய்தாவில் "மேற்படி நபர் வன்முறைக் குணமுள்ளவர், அவரோடு என் மகள் ஒரே வீட்டில் இருப்பது பாதுகாப்பல்ல" என்ற பத்தியாகப் பிரமாண வாக்குமூலத்தில் வந்து உட்காரும். அதற்கு முன்னால் அவர் அனுப்பிய முப்பது செய்திகள் அந்த இணைப்பில் இருக்காது.

அனுப்பிய இரண்டு பதில்களை அழிக்காதீர்கள். அவரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். உங்கள் பக்கம் மட்டும் காலியாக இருந்தால் மறைத்தீர்கள் என்றாகிவிடும். மனைவியின் வக்கீலிடம் இன்றைக்கே அவற்றைக் காட்டிவிடுங்கள். எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பிறகு தம் கட்சிக்காரரின் வீட்டில் நடந்ததைத் தெரிந்துகொள்ளும் வக்கீலுக்கு அன்றைக்கு வாதாட ஒன்றும் இருக்காது. முன்கூட்டியே தெரிந்தால், முழு உரையாடலையும் தேதி வரிசையில் வைத்து, எதற்குப் பதிலாக அந்த வரி வந்தது என்று அவரே காட்டிவிடுவார்.

அடுத்தது ஆதாரம். பெரும்பாலான புகார்கள் நிற்காமல் போவது இங்கேதான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பெயர் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தால், அந்தப் பெயரில் யாருடைய எண்ணை வேண்டுமானாலும் சேமித்திருக்கலாமே என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். எண், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். அவருடைய தொடர்பு விவரப் பக்கத்தைத் திறந்து, எண் முழுதாகத் தெரியும்படி ஒரு படம் தனியாக எடுங்கள். பிறகு உரையாடலை மேலிருந்து கீழ்வரை நகர்த்திக்கொண்டே இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். அதன் பின் வாட்ஸ்அப்பில் உள்ள 'எக்ஸ்போர்ட் சாட்' வழியாக, மீடியாவையும் சேர்த்து, உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். நேரம், அனுப்பியவர் எல்லாம் அதில் வரி வரியாக வரும். குரல் செய்திகள் தனித்தனிக் கோப்புகளாக வரும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 'அனைவருக்கும் அழி' என்பதை அனுப்பி இரண்டு நாள் கழித்தும் அவரால் செய்ய முடியும். 'மறையும் செய்திகள்' போட்டு வைத்திருந்தால் 24 மணி நேரத்தில், 7 நாளில் அல்லது 90 நாளில் தானாகவே போய்விடும். உரையாடலைத் திறந்து அந்த அமைப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரே முறை திறக்கும்படி அனுப்பும் படத்தை வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. அப்படி ஒன்று வந்தால் திறப்பதற்கு முன் இன்னொரு போனைக் கேமராவோடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்திகள் வந்து விழுந்த அந்தப் போனை விற்கவோ மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது. குரல் செய்தியை மனைவிக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு மூலத்தை அழிப்பது பலர் செய்வது. ஃபார்வர்டு ஆன கோப்பில் யார் எப்போது அனுப்பினார் என்பது போய்விடும். 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: மூலக் கருவியையே நேரில் ஆஜர்படுத்தி நிரூபித்தால் சான்றிதழ் வேண்டாம், நகலைக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம். இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவில் அந்தச் சான்றிதழுக்கு ஏ, பி என்று இரண்டு பகுதிகள். ஏ பகுதியில் போன் யாருடையது, எந்த மாடல், கோப்பின் ஹாஷ் மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் அடையாள எண்) என்ன என்று நீங்கள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பி பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மதிப்பு மாறிவிடும். ஆகவே மூலக் கோப்புகளில் எதையும் கைவைக்காமல் ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். வேலைக்கு வேறொரு நகலைப் பயன்படுத்துங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அந்த நீதிமன்றத்துக்குச் சாட்சிய விதிகளில் தளர்வு கொடுத்திருப்பது உண்மை. குற்றவியல் நீதிமன்றத்தில் அந்தத் தளர்வு இல்லை. கறாரான பக்கத்துக்கே தயார் செய்துவிட்டால் இரண்டுக்கும் ஆகும்.

கூடவே ஒரு நோட்டு வேண்டும். தேதி, நேரம், எந்த எண், என்ன சொன்னார், யார் உடனிருந்தார் என்பதை அன்றன்றைக்கே பேனாவால் எழுதுங்கள். "கேவலமாகப் பேசினார்", "மிரட்டினார்" என்று எழுதினால் பயனில்லை. அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அப்படியே வேண்டும். "12ஆம் தேதி இரவு 11.42, வாட்ஸ்அப் குரல் செய்தி, 38 விநாடி: 'வியாழக்கிழமை கோர்ட்டுக்கு அவ கூட வந்தே, கை கால் இருக்காது'" என்பது போல. இதைப் படிக்கிற இன்ஸ்பெக்டருக்கு எந்தப் பிரிவு என்று யோசிக்க வேண்டியிருக்காது. வேலை செய்யும் இடத்துக்கு வெளியே அவர் நின்ற நாளும் நேரமும் தெரிந்தால், அந்தக் கட்டட நிர்வாகத்துக்கு உடனே ஒரு கடிதம் கொடுத்து கேமரா பதிவைப் பாதுகாத்து வைக்கக் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பல இடங்களில் சில வாரங்கள்கூடத் தாங்காது.

பிளாக் செய்யலாமா? நீங்கள் செய்யலாம், மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு. 'ரிப்போர்ட் செய்து பிளாக்' என்பதை அவசரத்தில் அழுத்தினால் உங்கள் போனிலிருந்து உரையாடலே போய்விட வாய்ப்பு உண்டு. என் கருத்து, கொஞ்ச நாளைக்கு ஒலியை மட்டும் அணைத்து, ஆர்க்கைவில் போட்டு, பகலில் ஒரு நேரம் மட்டும் திறந்து பதிவு செய்யுங்கள். மிரட்டுகிறவர் எழுத்தில் மிரட்டும்வரை அது ஆதாரம்; அந்த வழி அடைபட்டால் வாசலுக்கு வரலாம். ஆனால் தினமும் இதைப் பார்த்துத் தூக்கம் கெடுகிறது என்றால் பிளாக் செய்துவிடுங்கள், அதில் தவறில்லை.

மனைவி முழுவதுமாக பிளாக் செய்யக் கூடாது. அவர் குழந்தையின் தகப்பன், பார்க்கும் உரிமை உள்ளவர். "பிள்ளையைப் பற்றிக் கேட்கக்கூட வழியில்லாமல் செய்துவிட்டாள்" என்ற குற்றச்சாட்டு குடும்ப நீதிமன்றத்தில் நன்றாகவே எடுபடும். மனைவி ஒரே ஒரு செய்தி அனுப்பட்டும்: "மகளின் உடல்நலம், படிப்பு, ஞாயிறு சந்திப்பு இவை பற்றி மட்டும் இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். வேறு எதற்கும் என்னையோ என் கணவரையோ தொடர்புகொள்ள வேண்டாம்." அவ்வளவுதான். விளக்கம், குத்தல், பழங்கதை எதுவும் கூடாது. இந்தச் செய்திக்குச் சட்டத்தில் தனி மதிப்பு உண்டு. பி.என்.எஸ். எனப்படும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (ஐ.பி.சி.க்குப் பதில் வந்த குற்றச் சட்டம்) 78ஆம் பிரிவு, ஒரு பெண் தெளிவாக மறுத்த பிறகும் விடாமல் தொடர்ந்து தொடர்புகொள்வதைக் குற்றமாக்குகிறது. மறுத்தது எழுத்தில் இருக்க வேண்டாமா?

இனி போலீஸ். 2024 ஜூலை 1 முதல் பழைய ஐ.பி.சி. 506க்குப் பதில் பி.என்.எஸ். 351. சாதாரண மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை. கொலை அல்லது கொடுங்காயம் செய்வதாக மிரட்டினால் ஏழு ஆண்டு வரை. யார் என்று தெரியாதபடி மறைந்து மிரட்டினால் அதற்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டு வரை. "கை கால் இருக்காது" என்பது இரண்டாவது வகை. தெரியாத எண்ணிலிருந்து வந்தது அவர்தான் என்று நிரூபணமானால் மூன்றாவதும் சேரும். அந்த எண் யாருடையது என்று நீங்களே தோண்டாதீர்கள். போலீஸோ நீதிமன்றமோ கேட்டால்தான் நிறுவனம் கொடுக்கும்.

ஸ்டேஷனில் ஒரு சிக்கல் வரும். மத்தியச் சட்டத்தின் அட்டவணைப்படி 351, மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகை. "குடும்பத் தகராறு, கோர்ட்லயே பாத்துக்குங்க" என்று திருப்பி அனுப்ப இது வசதியான காரணம். ஆனால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 174இன்படி, பல குற்றங்களில் ஒன்றாவது போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடியதாக இருந்தால் மொத்த வழக்கும் அந்த வகையாகவே கருதப்படும். மனைவியைத் தொடர்வது (78), அவருடைய மானத்தைக் குலைக்கும் பேச்சு (79) இரண்டும் நேரடியாக விசாரிக்கக்கூடியவை. வேலை இடத்துக்கு வெளியே உங்களுக்காக நின்றது 78க்குள் வராது. அந்தப் பிரிவு பெண்ணுக்கானது. எனவே புகார் இருவர் பெயரிலும் போக வேண்டும், மனைவிக்கு நடந்தது முன்னால் வர வேண்டும். நடக்காததைச் சேர்த்து எழுதச் சொல்லவில்லை. நடந்தவற்றில் பாதியை "இதெல்லாம் எதுக்கு" என்று விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள்.

புகார் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். விவாகரத்துக் கதை ஒரு பத்தி, நடப்பு வழக்கின் எண் ஒரு வரி, பிறகு தேதி வாரியாக மிரட்டல்கள், கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்பது. முன்னாள் கணவரின் குடிப்பழக்கம், அவர் அம்மாவின் குணம் எல்லாம் வேண்டாம். அவை படிப்பவரின் கவனத்தைத் திருப்பும். கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான எண்ணிட்ட ஒப்புகை) கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். ஆகாவிட்டாலும், எந்தத் தேதியில் நீங்கள் இதைச் சொன்னீர்கள் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. குடும்பத் தகராறு சார்ந்த புகார்களில் முதலில் ஒரு பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசினால் அதிர வேண்டாம். போங்கள், அமைதியாக உட்காருங்கள், எழுதிக் கொடுத்ததையே சொல்லுங்கள். "இனி செய்யமாட்டேன்" என்று அவர் எழுதிக் கொடுத்தால் நல்லது, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் அங்கே ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காதீர்கள். அது ஸ்டேஷனில் முடிவாகிற விஷயம் இல்லை.

புகாரை வாங்கவே மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். 173(4)இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதிலும் அசைவில்லை என்றால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் 175(3) மனு. இன்னொரு வழி 126ஆம் பிரிவு: நிர்வாக மாஜிஸ்திரேட் முன்னால் ஓராண்டு வரை அமைதி காப்பதாக அவரிடம் பத்திரம் எழுதி வாங்குவது. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இருதரப்பும் வாய்விட்டிருந்தால் இருவர் மேலும் அதைப் போட்டுவிடுவார்கள். உங்களுடைய அந்த இரண்டு பதில்கள் இங்கேயும் வந்து நிற்கும்.

மனைவிக்கு இருக்கும் வலுவான கருவி 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். "விவாகரத்து ஆகிவிட்டதே" என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். சட்டத்தின் வரையறை, குடும்ப உறவில் இப்போது இருக்கிற பெண்ணை மட்டுமல்ல, முன்பு இருந்த பெண்ணையும் சேர்த்தே சொல்கிறது. மண வாழ்க்கையில் நடந்த பழைய வன்முறையின் தொடர்ச்சியாக இப்போதைய மிரட்டலைக் காட்ட முடிந்தால் மனு வலுவாக நிற்கும். மருத்துவச் சீட்டு, அன்றைய புகார் ஏதும் இருந்தால் தேடி எடுங்கள். 18ஆம் பிரிவுப் பாதுகாப்பு ஆணையில், எந்த வடிவிலும் தொடர்புகொள்ளக் கூடாது, வேலை இடத்துக்கு வரக் கூடாது என்று கேட்கலாம். மனைவிக்கு உதவுகிற உறவினருக்கும் மற்றவருக்கும் வன்முறை செய்யக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. நீங்கள் உள்ளே வருவது அந்த வரியில்தான். அவசரமென்றால் 23ஆம் பிரிவில் எதிர்த்தரப்பு வருமுன்பே இடைக்கால ஆணை கிடைக்கலாம். ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்; போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் அது. பலருக்குத் தெரியாத ஒன்று: 26ஆம் பிரிவின்படி இதே நிவாரணத்தை நடந்துகொண்டிருக்கும் குடும்ப நீதிமன்ற வழக்கிலேயே கேட்கலாம். குழந்தை வழக்கை விசாரிக்கும் நீதிபதியே மிரட்டலையும் பார்ப்பது உங்களுக்கு நல்லது என்றே நினைக்கிறேன். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், பெண் என்ற ஒரு தகுதியிலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, எண் 15100.

பள்ளி விஷயத்தைத் தள்ளிப்போட முடியாது. சட்டப்படி அவர் இயற்கைக் காப்பாளர். உத்தரவு ஏதும் இல்லாத நிலையில் அப்பா வந்து கூப்பிட்டால் பள்ளி தடுக்கத் தயங்கும். கூட்டிப் போன பிறகு போலீஸிடம் ஓடினால் "அப்பாதானே கூட்டிட்டுப் போனார்" என்பார்கள், கடத்தல் வழக்கு லேசில் ஆகாது. அம்மாவிடம் பொறுப்பு என்று விவாகரத்தின்போதே உத்தரவு இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். அதன் சான்றிட்ட நகல் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே நகல் மனு போடச் சொல்லுங்கள். கூடவே ஓர் இடைக்கால மனு: உத்தரவில் சொன்ன நேரத்தைத் தவிர வேறெப்போதும் பள்ளியிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ குழந்தையை அழைத்துச் செல்லக் கூடாது, நீதிமன்ற அனுமதியின்றி வெளியூர், வெளிநாடு கொண்டுபோகக் கூடாது என்று. குழந்தைக்குப் பாஸ்போர்ட் இருந்தால் அது யாரிடம் இருக்கிறது என்பதையும் மனுவில் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கான கடிதத்தில் கையெழுத்து அம்மாவுடையது. உத்தரவின் நகல், குழந்தையை அழைத்துப்போக அனுமதிக்கப்பட்ட இரண்டு மூன்று பேரின் படம், சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண். தலைமை ஆசிரியர் மேசையோடு இது நின்றுவிடக் கூடாது. மாலையில் வாசலில் நிற்கிற காவலாளிக்கும் வேன் ஓட்டுநருக்கும் தெரிய வேண்டும். குழந்தை கைமாறுவது அங்கேதான். பெற்ற நகலில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

போக்சோ மிரட்டல். இது உங்களை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும் என்று தெரிகிறது. அப்படி ஒரு புகார் வந்தால் போலீஸ் பதிவு செய்தாக வேண்டும், அதற்குமுன் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறுமி மீதான வல்லுறவுப் பிரிவு போடப்பட்டால் முன்ஜாமீனுக்கே வழி இல்லை என்று பி.என்.எஸ்.எஸ். 482 சொல்கிறது. ஆகவே வந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். "போக்சோ போடுறேன்" என்ற வார்த்தை எந்தத் தேதியில் எந்த எண்ணிலிருந்து வந்தது என்பது இப்போதே புகாரிலும், குடும்ப நீதிமன்றத்தில் மனைவி போடும் கவுண்டரிலும் (பதில் மனு) பதிவாகிவிட வேண்டும். பிறகு வரும் புகாரின் நோக்கத்தை முன்பே வந்த இந்த மிரட்டல் காட்டும். தீய எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுத்தால் போக்சோ 22ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை தண்டனை. தண்டனை சிறியது, அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. குற்றவியல் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலை இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதற்குப் பயந்து குழந்தையிடமிருந்து ஒதுங்காதீர்கள். நேற்றுவரை பேசியவர் திடீரென்று முகம் கொடுக்காமல் போனால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? "யாராவது கேட்டா இப்படிச் சொல்லு" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். நீதிபதி தனியறையில் குழந்தையோடு பேசும்போது, பாடம் பண்ணிய வாக்கியம் முதல் நிமிடத்திலேயே வெளிப்பட்டுவிடும். குழந்தை எப்போதாவது தானாக எதையாவது சொன்னால், அது யாரைப் பற்றியதாக இருந்தாலும், வழக்குக்கு ஆகுமா ஆகாதா என்று கணக்குப் பார்க்காமல் அம்மா கேட்டுக்கொள்ள வேண்டும்.

படங்கள் பற்றி: ஜாடையாகச் சொன்னதையும் நோட்டில் எழுதுங்கள். அந்தரங்கப் படத்தை அனுமதியின்றிப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ, 67, 67ஏ பிரிவுகள் வரும். எடுக்கும்போது சம்மதித்திருந்தாலும் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பி.என்.எஸ். 77 பொருந்தும். "சம்மதிச்சுதானே எடுத்தே" என்று யாராவது கேட்டு மனைவியை வாயடைத்தால் இதைச் சொல்லுங்கள். ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவை, படத்தை வெளியே அனுப்பாமல் மனைவியின் சொந்தப் போனிலேயே அதன் ஹாஷை உருவாக்கி, இணைந்துள்ள சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கொடுத்துப் பதிவேற்றத்தைத் தடுக்க உதவும். படத்தின் நகல் மனைவியிடம் இருந்தால்தான் இது ஆகும். பரப்பிவிட்டால் முகவரியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் செய்யுங்கள்.

அதே மூச்சில் வீட்டுக் கருவிகளையும் ஒருமுறை பாருங்கள். மனைவியின் பழைய கூகுள் கணக்கில் மீட்பு எண்ணாக அவருடைய எண்ணே இன்னும் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் 'இணைந்த சாதனங்கள்' பட்டியலைத் திறந்து, தெரியாத கணினி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் இருப்பிடப் பகிர்வு அணைந்திருக்கிறதா? ஞாயிறு சந்திப்பில் அப்பா வாங்கிக் கொடுத்த டேப்லெட் வீட்டில் இருந்தால், அதன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? உங்கள் வாட்ஸ்அப் குழந்தை விளையாடும் டேப்லெட்டோடு இணைந்திருந்தால் அந்த ராத்திரிக் குரல் செய்திகள் அதிலும் வந்திருக்கும். முதலில் அதை நீக்குங்கள்.

பெரியவர்கள் பேச்சு. நல்லெண்ணம்தான், ஆனால் இப்போது வேண்டாம். அந்த அறையில் சொன்னதற்குப் பதிவில்லை. நாளைக்கு ஆளுக்கொன்று சொல்வார்கள். பேச வேண்டும் என்றால் நீதிமன்ற சமரச மையம் இருக்கிறது. அங்கே பேசுவது ரகசியம், உடன்பாடு எழுத்தில் வரும். அங்கேயும் உட்கார வேண்டியவர்கள் மனைவியும் அவரும்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆதாரம், வக்கீல், வாய்தா எதையும் யோசிக்காதீர்கள். "பாப்பாவையும் கூட்டிட்டு நானும் போயிடுவேன்" என்கிற மாதிரி, குழந்தையோடு சேர்த்துத் தன்னையும் மாய்த்துக்கொள்ளும் பேச்சு, முன்பு மனைவியின் கழுத்தை நெரித்த சம்பவம், கையில் ஆயுதம், உங்கள் அன்றாட நேரம் அவருக்குத் தெரிந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 112. வீட்டை விட்டு உடனே கிளம்ப நேர்ந்தால் எங்கே போவது, யாருக்குச் சொல்வது என்பதை இன்றே மனைவியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 இரண்டையும் போனில் சேமியுங்கள். வாய்தாவுக்கு முந்தின நாளும், அவருக்குச் சாதகமில்லாத உத்தரவு வந்த அன்றைக்கும் கூடுதல் கவனம் வேண்டும். கோபம் உச்சத்துக்குப் போகிற நாட்கள் அவை.

கடைசியாக ஞாயிற்றுக்கிழமை. மிரட்டுகிறாரே என்று நீங்களாகவே சந்திப்பை நிறுத்திவிடாதீர்கள். உத்தரவை மீறியவர் உங்கள் மனைவி என்றாகிவிடும், அதுவரை சேர்த்த ஆதாரமெல்லாம் பின்னுக்குப் போய்விடும். ஆபத்து இருக்கிறது என்றால் சந்திப்பை நீதிமன்ற வளாகத்திலுள்ள குழந்தைகள் மையத்திலோ மேற்பார்வையோடோ நடத்தும்படி மாற்றக் கேட்டு மனு போடலாம். மிரட்டல் செய்திகளை இணைத்து அவசரமாக விசாரிக்கக் கேட்கலாம். அதுவரை உத்தரவில் உள்ள நேரத்துக்குக் குழந்தை போகட்டும், மேற்சொன்ன அபாய அறிகுறிகள் எதுவும் இல்லாதவரை. ஒப்படைக்கும் இடம் ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ளதாக இருக்கட்டும். அம்மாவோடு அவருடைய அண்ணனோ தோழியோ போகலாம். நீங்கள் போக வேண்டாம், தெருமுனையில் காரில்கூட உட்கார்ந்திருக்க வேண்டாம். விட்ட நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் மனைவி அந்த மின்னஞ்சலில் இரண்டு வரியில் பதிவு செய்தால் போதும்.